சென்னையில் பிறந்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் யூரோவிஷனில் 25-வது இடத்துக்குப் போனது ஏன்?

பெண்ணையாற்றங்கரை (காவேரிப்பட்டணம்):

ரொம்ப நாளாக மனதைக் குடைகிற கேள்வி. இசைப் பகுதியில் விவரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் இங்கே போடுகிறேன்.

என் அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்தார். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அந்த வீட்டு மாமா இன்ஜின் டிரைவர். கிறிஸ்துமஸ் அன்று கேக் கொடுத்தனுப்பிவிட்டு டேப் ரெக்கார்டரில் ஒரே ஆங்கிலப் பாடகரின் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போடுவார். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். "இவன் நம்ம மெட்ராஸ் பையன்டா" என்பார். நான் அதை நம்பவில்லை. பிற்பாடு படித்தால் உண்மைதான். 1936-இல் மெட்ராஸில் பிறந்தவர். இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்சி. பத்து வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் போய்விட்டார். 1967-இல் அவருடைய 'ரிலீஸ் மீ' பாட்டு பிரிட்டன் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டு பீட்டில்ஸையே இரண்டாம் இடத்தில் நிறுத்தி வைத்தது.

அப்படிப்பட்டவரைத்தான் 2012-இல் பிரிட்டன் யூரோவிஷனுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகள் வருடாவருடம் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் போட்டிக்கு, அனுப்பியது. அஜர்பைஜானில் பாகு நகரம். அவருக்கு அப்போது 76 வயது. பாட்டு 'லவ் வில் செட் யூ ஃப்ரீ'. இறுதிப் போட்டியில் 26 நாடுகள். அவருக்குக் கிடைத்தது 12 புள்ளி, 25-வது இடம். அவருக்குக் கீழே 7 புள்ளியோடு நார்வே மட்டும்.

நேற்று இரவு மண்டியில் இருந்து வந்து படுக்கும்முன் அந்தப் பாட்டை நான்கு முறை கேட்டேன். குரலில் குறை எதுவும் என் காதுக்குத் தெரியவில்லை. கடைசியில் குரலை மேலே கொண்டுபோய் நிறுத்துகிறார், அந்த வயதில். அப்புறம் ஏன்?

ஓசூர் நைட்ஷிப்ட்:

அண்ணா, இதற்கு எல்லாரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. அக்கம்பக்கத்து ஓட்டு. ஸ்காண்டிநேவியாக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்வார்கள், பால்கன் நாடுகள் தங்களுக்குள், கிரீஸும் சைப்ரஸும் ஒருவருக்கொருவர். பிரிட்டனுக்குப் பக்கத்தில் அயர்லாந்தை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நம்ம ஊரிலேயே பார்க்கலாம். ஓசூரில் ஒரு பாட்டுக் கச்சேரி என்றால் தமிழ்ப் பாட்டுக்கு ஒரு பக்கம் விசில், தெலுங்குப் பாட்டு எடுத்தால் இன்னொரு பக்கம், கன்னடம் வந்தால் வேறொரு மூலை. யாருக்கும் யார் மேலும் கோபம் கிடையாது. தன் மொழி காதில் விழுந்தால் கை தானாகத் தட்டுகிறது, அவ்வளவுதான்.

நான் வருடாவருடம் நேரலையில் பார்க்கிறவன். நமக்கு ராத்திரி பன்னிரண்டரைக்கு ஆரம்பிக்கும், முடிய விடிகாலை நான்கு ஆகிவிடும். ஷிப்ட் இல்லாத சனிக்கிழமை அமைந்தால் அதைவிட சந்தோஷம் வேறில்லை.

பாலக்கோடு தக்காளி:

எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? 76 வயது தாத்தாவை அனுப்பினால் இளைஞர்கள் போன் எடுத்து ஓட்டுப் போடுவார்களா? நான் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் யார், ஓட்டுப் போடுகிறவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும் இல்லையா?

ஓசூர் நைட்ஷிப்ட்:

தம்பி, வயதுதான் காரணம் என்றால் அதே மேடையில், அதே இரவில் நடந்த ஒன்றுக்கு நீ பதில் சொல்ல வேண்டும். ரஷ்யாவில் உத்மூர்த்தியா என்று ஒரு பகுதி. அங்கே புரானோவோ கிராமத்துப் பாட்டிமார்கள் ஒரு குழுவாக வந்தார்கள். தலையில் துணி கட்டி, கழுத்தில் காசுமாலை மாதிரி போட்டுக்கொண்டு, பாதி உத்மூர்த் மொழியிலும் பாதி ஆங்கிலத்திலும் பாடினார்கள். மேடையிலேயே ஓர் அடுப்பு, அதிலிருந்து ரொட்டித் தட்டை எடுத்தார்கள். ஊரில் கோயில் கட்டப் பணம் சேர்க்கப் பாடுகிறோம் என்றார்கள். 259 புள்ளி. இரண்டாம் இடம்!

சுவீடனின் லோரீன் 372 வாங்கி ஜெயித்தார். அவருக்கு அடுத்து இந்தப் பாட்டிமார்கள்தான். வயது தடை என்றால் அது எப்படி?

பாலக்கோடு தக்காளி:

சரி அண்ணா, வாபஸ். இப்போதுதான் வீடியோ பார்த்தேன். எங்கள் ஆயா கும்மி அடிக்கிற மாதிரியே இருந்தது. நானே ஓட்டுப் போட்டிருப்பேன்.

பெண்ணையாற்றங்கரை:

நைட்ஷிப்ட் தம்பி சொன்ன அக்கம்பக்கத்து ஓட்டையும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அதே வருடம் ஜெர்மனி 110 புள்ளியோடு 8-வது. இத்தாலி 101, 9-வது. ஸ்பெயின் 97, 10-வது. இவர்களும் அப்போது பிரிட்டன் மாதிரி போட்டிக்கு அதிகம் பணம் கட்டிய ஐந்து பெரிய நாடுகளில் சேர்ந்தவர்கள். அரையிறுதி இல்லாமல் நேராக இறுதிக்கு வந்தவர்கள். "பெரிய நாடுகளை யாருக்கும் பிடிக்காது" என்று சொன்னால் இந்த மூன்றும் எப்படிப் பத்துக்குள் வந்தன? பிரான்ஸ் மட்டும் 21 புள்ளியில் 22-வதாக விழுந்தது. அதன் பாடகி ஆங்குன், ஜகார்த்தாவில் பிறந்தவர். ஆசியாவில் பிறந்த இரண்டு பேரும் ஒரே இரவில் கீழே போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதைக் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது தற்செயல்தான்.

தருமபுரி கீபோர்டு:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். இருபது வருடமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அரூர், பென்னாகரம், மொரப்பூர் என்று நான் ஏறாத திருவிழா மேடை குறைவு. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

அவருக்கு எத்தனையாவது எண் என்று யாரும் பார்க்கவில்லையா? முதல் எண். சீட்டுக் குலுக்கலில் விழுந்தது. 26 பாட்டில் முதல் பாட்டு.

திருவிழாக் கச்சேரியில் முதல் பாட்டு என்ன பாடுவோம்? பிள்ளையார் பாட்டு. எவ்வளவு உயிரைக் கொடுத்துப் பாடினாலும் அதற்குக் கைதட்டு விழாது. மேடைக்கு முன்னால் அப்போதுதான் பாய் விரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் சோளப்பொரி வாங்கப் போயிருப்பார். மிக்ஸரில் இருக்கிறவர் இன்னும் எக்கோ சரி பண்ணிக்கொண்டிருப்பார். எங்கள் குழுவில் யாரும் தன் நல்ல பாட்டை அந்த இடத்தில் வைக்க மாட்டார்கள். பதினோரு மணிக்கு மேல்தான் கூட்டம் சூடாகும். போட்டிப் போட்டுக்கொண்டு பாடுவதெல்லாம் அப்போதுதான்.

எங்கல்பர்ட் ஐயாவை அன்றைக்குச் சீட்டு பிள்ளையார் பாட்டுப் பாட வைத்துவிட்டது. அவருக்குப் பின்னால் 25 பாட்டு. எல்லாம் முடிந்த பிறகுதான் மக்களுக்குப் போன் எடுக்கப் பதினைந்து நிமிடம். அதற்குள் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அரூர் டீச்சர்:

கீபோர்டு தம்பி சொல்வதை நான் நடுவர் மேசையில் இருந்தே பார்த்திருக்கிறேன். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளுக்கு என்னை நடுவராகக் கூப்பிடுவார்கள். முதலில் பாடுகிற குழந்தைக்கு மட்டும் பக்கத்தில் இருப்பவர்கள் பென்சிலில் மார்க் போடுவார்கள். மற்ற எல்லாருக்கும் பேனா. "இன்னும் யார் யார் எப்படிப் பாடுவாங்களோ, முதல்லயே ஒன்பது போட்டுட்டா அப்புறம் எங்க போறது?" என்பார்கள். அதனால் ஏழு போட்டு வைப்பார்கள். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றுதான் பென்சில். ஆனால் திருத்தியதை நான் பார்த்ததில்லை. தாளை வாங்கும்போது அந்த ஏழு மங்கலாக அப்படியே இருக்கும்.

யூரோவிஷனிலும் பாதி மதிப்பெண் நடுவர்கள் கையில்தானே? 2012-இல் ஒரு நாட்டுக்கு ஐந்து பேர் என்று படித்தேன்.

ஓசூர் நைட்ஷிப்ட்:

ஆமாம் டீச்சர், அப்போது ஐந்து பேர். இன்னொன்று, அவர்கள் நேரலையைப் பார்த்து மார்க் போடுவதில்லை. முந்தின நாள் இரவு நடக்கும் ஒத்திகையைப் பார்த்துப் போடுகிறார்கள். அதனால் பாடகர் வெள்ளிக்கிழமை இரவும் முழு மூச்சோடு பாட வேண்டும், சனிக்கிழமையும் பாட வேண்டும்.

ஆனால் முதல் எண்தான் காரணம் என்பதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். முதலில் பாடி ஜெயித்தவர்கள் மூன்று பேர் உண்டு. 1975-இல் நெதர்லாந்து, 1976, அப்புறம் 1984-இல் சுவீடன். அந்த 1976 யார் தெரியுமா? இதே பிரிட்டன்தான். பிரதர்ஹுட் ஆஃப் மேன் குழு. பாகுவிலேயே மூன்றாவதாகப் பாடிய அல்பேனியா ஐந்தாம் இடம் பிடித்தது, அதுவும் அல்பேனிய மொழியில் பாடி.

தருமபுரி கீபோர்டு:

தம்பி, அந்த மூன்றில் கடைசி 1984. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஒருவரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 76-இல் பாடியவர்கள் 18 பேர், 2012-இல் 26 பேர். முதல் பாட்டை மறக்கடிக்கும் பாட்டுகளின் எண்ணிக்கை கூடிவிட்டது.

அல்பேனியா பற்றிச் சொன்னது சரி. அதைக் கேட்டேன். அந்தப் பெண் குரலைக் கொண்டுபோகிற இடம் இருக்கிறதே, மயிர்க்கூச்செறிந்தது. வாசித்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டேன். முதலாவதோ மூன்றாவதோ, அதை யாரும் மறக்க முடியாது.

அதனால் இன்னும் ஒரு படி உள்ளே போகிறேன். எங்கல்பர்ட் ஐயாவின் பாட்டு வால்ட்ஸ் நடை, மூன்று எண்ணிக்கை. ஒரு கிடார், பின்னால் ஒரு ஜோடி மெதுவாகச் சுற்றி ஆடுகிறது. மெல்ல மெல்லக் கட்டி எழுப்பி, கடைசி அரை நிமிடத்தில் குரல் முழுதாக வருகிறது. உட்கார்ந்து கேட்க அருமையான கட்டுமானம். ஆனால் ஓட்டுப் போடும் நேரத்தில் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் சில விநாடித் துண்டைத்தான் திரையில் காட்டுவார்கள், பக்கத்தில் போன் எண். இந்தப் பாட்டில் எந்தத் துண்டை வெட்டுவது? தொடக்கத்தை வெட்டினால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். முடிவை வெட்டினால் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று இருக்கும். ஏறிப் போன படிகளைக் காட்டாமல் மாடியை மட்டும் காட்டினால் உயரம் தெரியாது.

லோரீன் பாட்டை எங்கே வெட்டினாலும் அது அந்தப் பாட்டுதான். இருட்டில் வெறுங்காலோடு ஆடுகிறார், மேலிருந்து பனி கொட்டுகிறது. இரண்டு விநாடி போதும்.

ஊத்தங்கரை:

படிகள், மாடி என்று சொன்னதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன் கீபோர்டு அண்ணா. எங்கள் குழுப் பசங்களுக்குக் காட்ட வேண்டும்.

லெஸ்டரில் ஒரு பென்னாகரம்:

வணக்கம். பென்னாகரத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது அவர் வளர்ந்த அதே லெஸ்டரில் நர்ஸாக இருக்கிறேன். இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் வயதான நோயாளிகளின் முகம் மாறும். ஒரு பாட்டி, நினைவு தப்பிப் போனவர், மகள் பெயரே மறந்துவிட்டது. வார்டு ரேடியோவில் அவர் பாட்டு வந்ததும் வரிகளை முழுதாகப் பாடினார். நான் மருந்துத் தட்டை வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ரொம்ப காலமாக யூரோவிஷனை ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாகத்தான் பார்த்தார்கள். டெர்ரி வோகன் என்று ஒரு வர்ணனையாளர், 2008 வரை ஒவ்வொரு வருடமும் கிண்டல் செய்துகொண்டே வர்ணிப்பார். மக்களுக்கு அவர் மேல் பெரிய பிரியம். ஆனால் வேடிக்கை என்று நினைக்கிற இடத்துக்கு, மேலே வந்துகொண்டிருக்கிற ஒரு பாடகர் ஏன் போவார்? தோற்றால் பெயர் போய்விடும் என்ற பயம். அதனால் ஏற்கெனவே பெயர் எடுத்து முடித்தவர்களைக் கேட்பார்கள். 2012-இல் இவர். 2013-இல் போனி டைலர், அவருக்கு 19-வது இடம், 23 புள்ளி. இரண்டு பேருமே பெரிய பாடகர்கள். ஆனால் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த அளவுக்குப் பாட்டைத் தேடவில்லை என்பதுதான் என் வருத்தம். சுவீடனில் பாட்டைத் தேர்ந்தெடுக்கவே வாரக்கணக்கில் போட்டி நடத்தி, நாடே உட்கார்ந்து பார்க்கிறது.

ஓசூர் நைட்ஷிப்ட்:

அக்கா சொல்வதுதான் எனக்கும் ரொம்பச் சரியாகப் படுகிறது. இன்னொரு மாற்றத்தையும் சேர்க்க வேண்டும். 1977-லிருந்து 1998 வரை ஒவ்வொரு நாடும் தன் மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி இருந்தது. ஆங்கிலம் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் மால்டாவுக்கும்தான். 1999-இல் அந்த விதியை எடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் ஆங்கிலத்தில் பாடலாம். பிரிட்டன் கையில் இருந்த பெரிய வசதி போயிற்று. 97-இல் 227 புள்ளியோடு ஜெயித்தார்கள், 98-இல் இரண்டாம் இடம். 1999-லிருந்து 2025 வரை முதல் பத்துக்குள் வந்தது மூன்றே முறை: 2002, 2009, 2022.

தருமபுரி கீபோர்டு:

99-இல் இன்னொன்றும் நடந்தது, எங்கள் ஆட்களுக்கு வலிக்கிற விஷயம். மேடையில் ஆர்கெஸ்ட்ராவை எடுத்துவிட்டார்கள். இப்போது இசை முழுக்கப் பதிவு, முன்னணிக் குரல்தான் நேரடி. டிராக்குக்குப் பாடுவது லேசு என்று நினைப்பார்கள். ஆர்கெஸ்ட்ரா என்றால் பாடகர் ஒரு மூச்சு தாமதித்தால் நாங்கள் நிற்போம், சுருதி நழுவினால் கீபோர்டில் அந்த ஸ்வரத்தைக் கொஞ்சம் அழுத்தி எடுத்துக் கொடுப்போம். டிராக் நிற்காது.

2003-இல் பிரிட்டனின் ஜெமினி ஜோடிக்குப் பூஜ்யம் வந்ததே, அதைக் கேளுங்கள். இசை ஒரு சுருதி, குரல் ஒரு சுருதி. தங்களுக்கு இசையே காதில் கேட்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். அந்தச் சமயம் இராக் போருக்காகத்தான் ஐரோப்பா பூஜ்யம் போட்டது என்று வோகன் சொன்னதாகப் படித்தேன். எனக்கு அந்த ஜோடி சொன்னதில்தான் நம்பிக்கை. ஒரு திருவிழாவில் எங்கள் மேடை மானிட்டர், அதாவது பாடுகிறவரைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கர், திடீரென்று செத்துப் போனது. எங்கள் பாடகி, தேர்ந்த பாடகி, பல்லவியை முடிக்கும்முன் அரைச் சுருதி கீழே போய்விட்டார். நான் கையை ஆட்டுகிறேன், அவருக்குப் புரியவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காதபோது மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு பாடுவது? அன்றைக்கு அவர் மேடைக்குப் பின்னால் போய் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் எங்கல்பர்ட் ஐயா அப்படிச் சுருதி விடவில்லை. அதுதான் இந்தக் கேள்வியைக் கடினமாக்குகிறது.

அரூர் டீச்சர்:

நான் கணக்கு டீச்சர். அதனால் கணக்கு வழியாகத்தான் எனக்கு விடை கிடைத்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2012-இல் மொத்தம் 42 நாடுகள் ஓட்டுப் போட்டன. ஒவ்வொரு நாடும் பத்துப் பாட்டுக்கு மட்டுமே புள்ளி தரும். முதல் பாட்டுக்கு 12, அடுத்ததற்கு 10, அப்புறம் 8-லிருந்து 1 வரை. கூட்டினால் 58. ஆக 42 நாடுகளுக்கும் சேர்த்து 2436 புள்ளி. 26 பாட்டுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 94. இவருக்கு வந்தது 12.

இதைப் பார்த்தால் யாருக்கும் இந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை என்றுதானே தோன்றும்? அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டில் 11-வதாக வந்தாலும் பூஜ்யம், 26-வதாக வந்தாலும் பூஜ்யம். எல்லா நாடுகளிலும் 11-வதாக வருகிற பாட்டு, மொத்தத்தில் கடைசி.

இது எனக்கு உறைத்தது சில வருடங்களுக்கு முன்பு. பாட்டுப் போட்டி ஒன்றில் ஒன்பது குழந்தைகள், ஐந்து நடுவர்கள். ஒரு பெண் குழந்தைக்கு ஐந்து பேரும் எட்டு எட்டு போட்டிருந்தோம், மொத்தம் நாற்பது. ஒரு பையனுக்கு ஒன்பதரை, ஒன்பது, ஒன்பது, ஆறு, ஆறு. முப்பத்தொன்பதரை. அந்தப் பெண் முதல் பரிசு. அரங்கில் சலசலப்பு. எல்லார் மனதிலும் நின்றது பையன் பாட்டு. அவளும் பரிசை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டுதான் போனாள், பாவம்.

அந்தத் தாள்கள் என்னிடம் இருந்தன. நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு எடுத்தேன். யூரோவிஷன் மாதிரி, ஒவ்வொரு நடுவரும் தன் முதல் மூன்று பேருக்கு மட்டும் புள்ளி தருவதாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் எட்டுக்கு மேல் வாங்கியவர்கள் சரியாக மூன்று பேர் இருந்தார்கள். வேறு வேறு மூன்று பேர். அந்தப் பெண் ஐந்து தாளிலும் நான்காவது. பூஜ்யம்! அதே பாட்டு, அதே நடுவர்கள், அதே மார்க். கூட்டும் முறையை மாற்றியதும் முதலிடம் கடைசி இடமாகிவிட்டது.

எங்கல்பர்ட் பாட்டுக்கும் இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். நம்ம பேச்சில் ஒரு வித்தியாசம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? "நல்லா இருக்கு" என்றால் ஒன்று. "நல்லாத்தான் இருக்கு" என்றால் வேறொன்று. பெண் பார்த்துவிட்டு வந்து மாப்பிள்ளை வீட்டார் "பொண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றால் அந்தச் சம்பந்தம் நடக்காது. ஐரோப்பா முழுக்க அன்றைக்கு "நல்லாத்தான் பாடறார்" என்று சொல்லியிருக்கும்.

பெண்ணையாற்றங்கரை:

டீச்சர், இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் தேடியது இதுதான்.

எங்கள் தொழிலிலும் இதைப் பார்க்கிறேன். பெங்களூரா மாங்காய் கூழ் தொழிற்சாலைக்கு லோடு லோடாகப் போகும். எல்லாருக்கும் வேண்டும். ஆனால் யாரும் அதைக் கூடையில் வைத்து மகள் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அதற்கு மல்கோவா, இல்லை இமாம் பசந்த். இமாம் பசந்தைப் பார்த்து "தோல் மெலிசு, இரண்டு நாள் தாங்காது" என்று பாதிப் பேர் ஒதுக்குவார்கள். மீதிப் பேர் விலையே கேட்காமல் வாங்குவார்கள்.

அந்தப் பாதிப் பேரை எதிரியாக்கிக்கொள்ளத் துணிகிற பாட்டுத்தான் அங்கே ஜெயிக்கும் போலிருக்கிறது.

பாலக்கோடு தக்காளி:

அப்படியானால் 2022-இல் பிரிட்டன் என்ன செய்தது? அதற்கு முந்தின வருடம் ஜேம்ஸ் நியூமனுக்கு நடுவர்களும் பூஜ்யம், மக்களும் பூஜ்யம். அடுத்த வருடமே சாம் ரைடர் 466 புள்ளி. ஒரே வருடத்தில் அக்கம்பக்கம் மாறிவிடுமா?

லெஸ்டரில் ஒரு பென்னாகரம்:

மாறாது தம்பி. உக்ரைன் 631 புள்ளியோடு ஜெயித்தது. ஆனால் நடுவர்களின் கணக்கில் மட்டும் பார்த்தால் சாம் ரைடர்தான் முதலிடம், 283. அவர் பொதுமுடக்கக் காலத்தில் வீட்டிலிருந்து டிக்டாக்கில் பாடிப் பாடி ஆள் சேர்த்தவர். போட்டிக்கு முன்பே ஐரோப்பாவில் நாடு நாடாகப் போய்ப் பாடினார். அந்த வருடம் ஆளையும் பாட்டையும் தேடிப் பிடிக்க இசைத் துறை நிர்வாகக் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் முறையாக, இங்கே ஆஸ்பத்திரி கேன்டீனில் இளம் பிள்ளைகள் போட்டியைப் பற்றி மரியாதையாகப் பேசிக் கேட்டேன்.

ஆனால் பிடி நிலைக்கவில்லை. 2023-இல் சொந்த மண்ணில், லிவர்பூலில், 25-வது. 2024-இலும் 2025-இலும் நடுவர்கள் 46, 88 என்று கொடுத்தார்கள். மக்கள் ஓட்டில் இரண்டு வருடமும் பூஜ்யம். 2025-இல் பாடிய மூன்று பெண்களும் குரல் சேர்த்துப் பாடியதில் பிசிறே கிடையாது. டீச்சர் சொன்ன "நல்லாத்தான்" அங்கேயும் வந்துவிட்டது.

ஊத்தங்கரை:

நாம் ஓட்டுப் போட முடியுமா?

ஓசூர் நைட்ஷிப்ட்:

2023-லிருந்து முடியும். போட்டியில் இல்லாத நாடுகளின் ஓட்டையெல்லாம் சேர்த்து "உலகின் மற்ற பகுதி" என்று ஒரு நாடாகக் கணக்கிடுகிறார்கள். கார்டில் கொஞ்சம் பணம் கட்ட வேண்டும். நான் போட்டிருக்கிறேன்.

அரூர் டீச்சர்:

ஒரு சோதனை செய்து பார்க்கலாமா? பாகு இறுதிப் போட்டியின் 26 பாட்டையும் அதே வரிசையில், நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். முடிந்ததும் எதையும் திருப்பிப் பார்க்காமல் பத்தை மட்டும் எழுதுங்கள். வீட்டில் இருப்பவர்களையும் எழுதச் சொல்லுங்கள். யார் யார் பாடுகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

பெண்ணையாற்றங்கரை:

செய்தேன் டீச்சர். ஞாயிறு மத்தியானம், வெயில் தாங்காமல் எல்லாரும் கூடத்தில் படுத்திருந்தோம். மகன் போனை டிவியில் இணைத்துக் கொடுத்தான். நான், மனைவி, மகன், அம்மா. அம்மாவுக்கு எழுத வராது, சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

முதல் பாட்டு ஓடும்போது மனைவி தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். நான் எதுவும் சொல்லவில்லை. விதி விதிதான். அம்மா முழுதும் கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் பாடறார், யாரு இவரு?" என்றார். நான் இங்கே எழுதியது எதையும் அவர் படித்ததில்லை.

அம்மா 12 புள்ளியை அந்தப் பாட்டிமார்களுக்குக் கொடுத்தார். அடுப்பிலிருந்து ரொட்டி எடுத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மகன் லோரீனுக்கு. மனைவி அல்பேனியாவுக்கு, அந்தப் பெண் ஏன் அப்படி அழுகிறாள் என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள். மூன்று பேர் தாளிலும் எங்கல்பர்ட் இல்லை.

என் தாளில் மட்டும் இருந்தார். ஜோலார்பேட்டை மாமாவை மனதில் வைத்துக்கொண்டு முதலிடத்தில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் 26 பாட்டும் கேட்ட பிறகு என் காதில் ஓடிக்கொண்டிருந்தது வேறு பாட்டு. நேர்மையாக எழுத வேண்டும் என்று எழுதினேன். ஒன்பதாவது. 2 புள்ளி.

தருமபுரி கீபோர்டு:

அண்ணா, வரிசையை மாற்றி அவரைப் பதினேழாவதாக வைத்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அம்மா என்ன சொல்கிறார் என்று எனக்குக் கேட்க வேண்டும்.

பெண்ணையாற்றங்கரை:

அடுத்த ஞாயிறு. இந்த முறை தண்ணீர்ச் சொம்பை முன்பே எடுத்து வைத்துவிடுகிறேன்.